றொசலிண்ட் பிராங்கிளின்: கல்லறை கூறாத கதை

இலண்டன் மாநகரின் வடமேற்கே வில்ஸ்டன் என்னுமிடத்தில் யூதர்களின் பழைய இடுகாடு ஒன்று உண்டு. அங்கே 1958ஆம் ஆண்டு அடக்கஞ் செய்யப்பெற்ற ஒரு பெண்மணியின் கல்லறையில், அவர் விஞ்ஞானி என்பதும், வைரசுகளைப் பற்றி அவர் கண்டறிந்தவை மனித குலத்துக்கு நிலையான நன்மை பயப்பன என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. டி.என்.ஏ. என்னும் மூன்றெழுத்து அக்கல்லில் எங்குமில்லை. ஆனால் இன்று அவர் பெயரைச் சொன்ன மாத்திரத்தே மாணாக்கர் நினைவில் எழுவது அம்மூன்றெழுத்தே. கல்லறை ஒன்றைச் சொல்ல, உலகம் வேறொன்றைச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் றொசலிண்ட் பிராங்கிளின் அம்மையாரின் வாழ்வை இயன்றவரை நேர்மையாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

நேர்மையாக என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்மையாரைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் அவர் சிடுசிடுத்த முகத்தினர். தம் கையிலிருந்த மாணிக்கத்தின் மதிப்பை அறியாதவர். மற்றதில் அவர் ஆடவர் சிலர் கூடிக் கொள்ளையிட்ட அபலை. முதற்கதை பொய். இரண்டாவது கதை பாதி உண்மை. பாதி உண்மையோ முழுப் பொய்யினும் களைதற்கு அரியது. விஞ்ஞான வரலாறு கற்பிப்போர் இவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்னுங் கட்டாயம் இல்லை. நடந்தவற்றை வரிசையாக வைத்து நோக்கினால் மூன்றாவது கதை ஒன்று தானே துலங்கும்.

இளமையும் கல்வியும்

றொசலிண்ட் 1920ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி இலண்டனிற் செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் எலிஸ் பிராங்கிளின் வங்கித் தொழில் புரிந்தவர். மாலை வேளைகளிற் தொழிலாளர் கல்லூரியொன்றிற் கற்பித்தவர். தாயார் பெயர் மியூரியல். பிள்ளைகள் ஐவருள் றொசலிண்ட் இரண்டாமவர். ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த யூத அகதிகளுக்கு வாழ்வு தேடிக் கொடுப்பதில் அக்குடும்பம் முன்னின்றது. பல்கலைக்கழகம் புகுந்தபோது மகளுக்குக் கிடைத்த உதவிப்பணத்தைத் தகுதிவாய்ந்த அகதி மாணவர் ஒருவருக்கு விட்டுக்கொடுக்குமாறு தந்தையார் கேட்டுக்கொண்டார் என்பர்.

பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகமும் இரசாயனமும் முறையாகக் கற்பித்த பாடசாலைகள் அருகியிருந்த காலம் அது. சென் போல் மகளிர் பாடசாலை அவற்றைக் கற்பித்தது. அங்கு பயின்ற றொசலிண்ட் 1938ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூனம் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். 1941இல் இறுதிப் பரீட்சையில் இரண்டாம் வகுப்பிற் சித்தியடைந்தார். ஆயினும் அக்காலத்துக் கேம்பிரிட்ஜில் ஒரு விசித்திர விதி இருந்தது. பெண்கள் விரிவுரை கேட்கலாம், பரீட்சை எழுதலாம், ஆடவரை வெல்லலாம். ஆனால் முழுமையான பட்டத்தை மட்டும் பெறமுடியாது. 1948ஆம் ஆண்டுவரை அவ்விதி நீங்கவில்லை.

கரி கற்பித்த பாடம்

1942ஆம் ஆண்டு, உலகப்போர் உச்சத்தில் இருந்த வேளையில், றொசலிண்ட் அம்மையார் பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிச் சங்கத்தில் வேலைக்கு அமர்ந்தார். நிலக்கரி கண்ணுக்குத் திண்மையாகத் தோன்றினும் எண்ணற்ற நுண்துளைகளை உடையது. ஈலியம் போன்ற சிறு அணுக்கள் புகும் துளையிற் பெரிய மூலக்கூறுகள் புகமாட்டா. வெவ்வேறு மூலக்கூறுகளை உட்செலுத்திப் பார்ப்பதன் வாயிலாக, துளைகளின் நுழைவாய் எவ்வளவு நுண்ணியது என்பதையும், சூடேற்றும்போது அவை எவ்வாறு ஒடுங்குகின்றன என்பதையும் அவர் அளந்தார். நிலக்கரி மூலக்கூறுகளுக்கு ஒரு சல்லடையாய் அமைகிறது என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இவ்வாய்வுக்கே 1945இற் கேம்பிரிட்ஜ் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கேம்பிரிட்ஜில் அகதியாய் வாழ்ந்த ஏட்றியன் வெய்ல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியின் நட்பு அவருக்கு வாய்த்திருந்தது. வெய்ல் அம்மையார் மேரி கியூரியின் மாணாக்கியர். அவருடைய உதவியால் 1947இல் றொசலிண்டுக்குப் பரிஸ் நகரின் அரசாங்க ஆய்வுகூடமொன்றில் இடம் கிடைத்தது. அங்கே ஜாக் மேரிங் என்பாரிடம் எக்ஸ்-கதிர் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பைக் காணும் கலையைக் கற்றார். கரிவகைகளை மிகுந்த வெப்பத்திற் சூடாக்கினாற் சில காரீயமாக மாறுகின்றன. சில எவ்வளவு சூடாக்கினும் மாறுவதில்லை. இவ்விரு வகையையும் பிரித்து, அவற்றின் அமைப்பே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று அவர் 1951இல் வெளியிட்ட கட்டுரை கரியியலின் மூலநூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

பரிஸ் வாழ்வு அவருக்கு இனித்தது. பிரெஞ்சு மொழியிற் தடையின்றி உரையாடினார், விடுமுறையில் மலையேறினார், நண்பர்களோடு உணவு மேசையில் ஓயாது வாதிட்டார். அவரைச் சிரிப்பறியாதவர் என்று பின்னாளில் எழுதியவர்கள் பரிஸ் நண்பர்களைக் கேட்டிருந்தால் வேறு செய்தி கிடைத்திருக்கும்.

ஒரு கடிதமும் ஒரு மனத்தாங்கலும்

1951ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மையார் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கு உயிரியற் பௌதிகப் பிரிவின் தலைவராயிருந்தவர் ஜோன் றன்டல். டி.என்.ஏ. நார்களை எக்ஸ்-கதிராற் படம்பிடிக்கும் பணி அவரிடமும், றேமண்ட் கொஸ்லிங் என்னும் மாணவரிடமுமே விடப்படும் என்று றன்டல் முன்னரே கடிதம் எழுதியிருந்தார். அப்பணியை அதுவரை நடத்தி வந்தவர் மொறிஸ் வில்கின்ஸ். அவருக்கு அக்கடிதத்தின் செய்தி தெரியாது. ஆகவே, தமக்கு உதவியாளர் ஒருவர் வந்துள்ளார் என்று வில்கின்ஸ் எண்ணினார். தமக்கென்று தனித்துறை ஒப்படைக்கப்பட்டுள்ளது என்று பிராங்கிளின் அம்மையார் எண்ணினார். இருவர் எண்ணமும் தத்தம் அளவிற் சரியே. தவறு தலைவருடையது. அதன் விளைவை அனுபவித்தவர்களோ இவ்விருவர். அமைதியான இயல்பினர் வில்கின்ஸ். வாதத்தில் அனல் பறக்க நிற்பவர் பிராங்கிளின். ஒரே கூரையின்கீழ் இருந்தும் இருவரும் பேச்சை நிறுத்திக் கொண்டனர்.

அவர்கள் ஆராய்ந்த பொருளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1869இல் மீஷர் என்னும் சுவிற்சர்லாந்து விஞ்ஞானி, சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து பெற்ற கலங்களின் கருவில் முதன்முதலாக அப்பொருளைக் கண்டார். நெடுங்காலம் அது முக்கியமற்றதென்றே கருதப்பட்டது. 1944இல் நியூயோர்க்கில் ஏவ்றியும் அவருடைய துணைவர்களும், ஒருவகைப் பற்றீரியாவின் பரம்பரை இயல்பை மற்றொருவகைக்குக் கொண்டுசெல்வது டி.என்.ஏ.யே என்று காட்டினர். வெல்லமும் பொசுபேற்றும் மாறிமாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. அச்சங்கிலியில் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு உப்புமூலங்கள் தொங்குகின்றன. இவ்வளவும் தெரியும். ஆனால் அது எவ்வடிவினது? தாய் தந்தையரின் இயல்பைப் பிள்ளைக்குக் கொண்டு செல்லும் ஆற்றல் அவ்வடிவில் எங்கே மறைந்திருக்கிறது? அக்கேள்விக்கு விடை இல்லை.

இத்தகைய நுண்பொருளை எந்த வில்லையாலும் நேரே காணவியலாது. குளத்திற் தூண்கள் நாட்டப்பட்டுள்ளன. இருளில் அவை தெரியவில்லை. அவற்றின்மேல் மோதித் திரும்பும் அலைகளின் கோலத்தைக் கரையில் நின்று அளந்து, தூண்களின் இடைவெளியைக் கணக்கிட வேண்டும். எக்ஸ்-கதிர் ஆய்வும் இத்தகையதே. அணுக்களின்மேல் விழுந்து விலகிச் செல்லும் கதிர்கள் புகைப்படத் தகட்டிற் புள்ளிகளாகப் படிகின்றன. புள்ளிகளிலிருந்து அணுக்களின் ஒழுங்கை மீட்டெடுப்பது கணிதத்தின் வேலை.

நீர் காட்டிய வழி

கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபின் பிராங்கிளின் அம்மையார் செய்த முதற்பெருஞ் செயல் மிக எளிமையானது. டி.என்.ஏ. நாரைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை, உப்புக் கரைசல்களூடாக வாயுவைச் செலுத்தும் உபாயத்தால், அவர் விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவும் செய்தார். ஈரம் குறைந்தபோது நார் குறுகிப் பளிங்கு போன்ற ஒழுங்குற்றது. ஈரம் மிகுந்தபோது அது நீண்டு வேறொரு வடிவங் கொண்டது. முன்னதற்கு ஏ வடிவம் என்றும், பின்னதற்குப் பி வடிவம் என்றும் பெயரிடப்பட்டது. அதுவரை எடுத்த படங்களில் இவ்விரண்டும் கலந்து குழம்பியிருந்தன. இருவேறு மனிதரை ஒரே தகட்டிற் படம்பிடித்துவிட்டு முகத்தை ஆராய்ந்தவர் போல ஏனையோர் இடர்ப்பட்டிருந்தனர். அம்மையார் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தினார்.

நீர் இத்துணை எளிதில் உட்புகுந்து வெளியேறுவதால், நீரை நாடும் பொசுபேற்றுகள் மூலக்கூறின் வெளிப்புறத்திலும், உப்புமூலங்கள் உட்புறத்திலும் இருத்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். 1951 நவம்பரில் இவற்றை ஒரு கூட்டத்தில் எடுத்துரைத்தார். கேம்பிரிட்ஜிலிருந்து வந்து கேட்டவர்களுள் ஜேம்ஸ் வாட்சன் என்னும் இளைஞரும் ஒருவர். அவர் குறிப்பெடுக்கவில்லை, நீரின் அளவைப் பிழையாக நினைவிற் கொண்டு சென்றார். அதனை நம்பி அவரும் பிரான்சிஸ் கிறிக்கும் மூன்று சங்கிலிகள் கொண்ட மாதிரியுரு ஒன்றைக் கட்டினர். அதிற் பொசுபேற்றுகள் நடுவில் இருந்தன. பார்வையிட அழைக்கப்பட்ட பிராங்கிளின் அம்மையார், கண்ட அளவிலே அது நில்லாது என்பதற்குக் காரணம் காட்டினார். அவ்விளைஞர்கள் இருவரும் டி.என்.ஏ.யை விட்டுவிடுமாறு அவர்களுடைய தலைவராற் பணிக்கப்பட்டனர்.

1952 மே மாதத்தில், அம்மையாரின் வழிகாட்டலிற் கொஸ்லிங் பி வடிவத்தின் படமொன்றை எடுத்தார். ஐம்பத்தோராம் இலக்கமிட்ட அப்படமே இன்று உலகப் புகழ்பெற்றது. நடுவே பெருக்கற் குறி போன்ற சிலுவை. மேலுங் கீழும் தடித்த கருமை. சிலுவை சுருள்வடிவத்தின் அடையாளம். கருமைப் பட்டைகள், உப்புமூலங்கள் 3.4 அங்ஸ்ட்றொம் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டுகின்றன. ஓர் அங்ஸ்ட்றொம் என்பது மில்லிமீற்றரின் ஒரு கோடியில் ஒரு பங்கு. 34 அங்ஸ்ட்றொம் ஏறினாற் சுருள் ஒருமுறை சுற்றி முடிகிறது. எனவே ஒரு சுற்றுக்குப் பத்துப் படிகள். படத்தில் நான்காம் வரிசை வெறுமையாயிருப்பது சங்கிலிகள் இரண்டு என்பதற்குச் சான்று.

இவ்வளவையும் கூறும் படத்தை அம்மையார் ஏன் ஒதுக்கி வைத்தார் என்று பலர் வினவுவர். விடை அவருடைய பயிற்சியில் இருக்கிறது. ஏ வடிவத்தின் படங்களிற் புள்ளிகள் மிகுதி, அளவுகள் நுட்பம். மிகுந்த சான்று தரும் பொருளையே முதலில் தீர்க்கவேண்டும் என்பது பளிங்கியலாரின் ஒழுங்கு. அவர் அவ்வொழுங்கின்படி நீண்ட கணக்குகளில் இறங்கினார். ஏ வடிவம் சுருளன்று என்று தோன்றவே, 1952 ஜூலையில் அவரும் கொஸ்லிங்கும் பளிங்குச் சுருளின் மரணத்தை அறிவிக்கும் கறுப்புக் கரையிட்ட அட்டை ஒன்றை வேடிக்கையாக எழுதி அனுப்பினர். அம்முடிவு பிழையானது. பிழையை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது எனக்கு உடன்பாடன்று. பல மாதங்கள் அப்பாதையிற் கழிந்தன என்பது உண்மை. அவற்றைத் திருத்தியவரும் அவரே என்பதும் உண்மை.

1953ஆம் ஆண்டின் அந்த வாரங்கள்

1953 ஜனவரி அளவில் அம்மையார் கிங்ஸ் கல்லூரியை விட்டுப் பேர்க்பெக் கல்லூரிக்குச் செல்ல முடிவு செய்திருந்தார். டி.என்.ஏ. ஆய்வு கிங்ஸில் விட்டுச்செல்ல வேண்டியதாயிற்று. ஆகவே ஐம்பத்தோராம் படம் கொஸ்லிங் மூலம் வில்கின்ஸின் கைக்கு வந்தது. அதிற் தவறொன்றுமில்லை. அதே வேளை அமெரிக்காவில் லைனஸ் போலிங் மூன்று சங்கிலி கொண்ட பிழையான அமைப்பொன்றை வரைந்திருந்தார். அக்கட்டுரையின் பிரதியோடு ஜனவரி 30ஆந் திகதி கிங்ஸுக்கு வந்த வாட்சனுக்கு, வில்கின்ஸ் அப்படத்தை எடுத்துக் காட்டினார். படத்தை உருவாக்கியவரிடம் ஒரு சொல்லுங் கேட்கவில்லை.

இதனினும் பயனுடையது மற்றொன்று. கிங்ஸ் ஆய்வுகூடத்தின் பணிகளைத் தொகுத்து மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில் அம்மையாரின் அளவுகள் இருந்தன. அவ்வறிக்கை மக்ஸ் பெறூற்ஸ் வாயிலாகக் கிறிக்கின் கையிற் சேர்ந்தது. ஏ வடிவப் பளிங்கின் சமச்சீர் பற்றி அம்மையார் எழுதியிருந்த குறிப்பைப் பார்த்ததும், இரு சங்கிலிகளும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடவேண்டும் என்று கிறிக் உணர்ந்தார். அத்தகைய சமச்சீர் உடைய பளிங்கு அவருடைய சொந்த ஆய்வில் அவருக்குப் பழக்கமானது. எண்ணை அளந்து எழுதியவருக்கு அதன் பொருள் உடனே புலப்படவில்லை, மற்றவருக்குப் புலப்பட்டது. அடினின் எங்கும் தைமினின் அளவாகவும், குவானின் எங்கும் சைற்றோசினின் அளவாகவும் காணப்படுவதைச் சார்காவ் முன்னரே கண்டிருந்தார். அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின் என்று உப்புமூலங்கள் இணைசேரும் வகையை வாட்சன் கண்டுகொண்டார். பெப்ரவரி 28ஆந் திகதி இரட்டைச் சுருள் உருவாயிற்று.

அம்மையாரின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஏறன் குளூக் ஆராய்ந்தார். அதே பெப்ரவரி 24ஆந் திகதியளவில் ஏ, பி ஆகிய இரு வடிவங்களும் இரு சங்கிலிச் சுருள்களே என்னும் முடிவுக்கு அவர் வந்துவிட்டமை அவற்றாற் தெரிகிறது. எதிர்த்திசை ஓட்டமும் உப்புமூல இணைகளும் ஆகிய இரண்டு படிகளே எஞ்சியிருந்தன. மார்ச் 17ஆந் திகதியிட்ட அவருடைய கட்டுரை வரைவும் கிடைத்திருக்கிறது. அது கேம்பிரிட்ஜ் மாதிரியுருவைப் பற்றி அறியுமுன் எழுதப்பட்டது.

1953 ஏப்ரில் 25ஆந் திகதி நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் ஒருங்கே வெளிவந்தன. வாட்சனும் கிறிக்கும் எழுதியது முதலாவது. வில்கின்ஸும் துணைவரும் எழுதியது இரண்டாவது. பிராங்கிளினும் கொஸ்லிங்கும் எழுதியது மூன்றாவது. இவ்வரிசையிற் படிப்பவர்க்கு, முன்னவர் கண்டதற்குப் பின்னவர் சான்று கூறியதாகவே தோன்றும். உண்மையிற் சான்றே முந்தியது. அமைப்பு அதிலிருந்து எழுந்தது. முதற்கட்டுரை இக்கடனை ஒரு பொதுப்படையான வாக்கியத்தால் மட்டுமே தொட்டுச் சென்றது.

இதனைத் திருட்டு என்பதா? அறிக்கை இரகசியமென்று முத்திரையிடப்பட்டதன்று. படம் வில்கின்ஸுக்கு முறைப்படி வந்தது. வாட்சனும் கிறிக்கும் செய்த சிந்தனை அவர்களுடையதே. அதனை எவரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஒருவர் பல மாதங்கள் உழைத்துப் பெற்ற அளவுகளை அவரறியாமற் கொண்டு வீடு கட்டியவர், குடிபுகும் நாளிலாவது அவர் பெயரைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் கேட்காத கடனை அறம் கேட்கும். குற்றம் எடுத்ததில் அன்று. சொல்லாததில் என்பதே என் தீர்ப்பு. 2023இல் மத்தியூ கொப், நதானியேல் கொம்போட் என்னும் வரலாற்றாசிரியர்கள் பழைய கடிதங்களை ஆராய்ந்து, பிராங்கிளின் அம்மையார் இக்கண்டுபிடிப்பில் நால்வருள் ஒருவராகச் சரிநிகராய் நின்றவர் என்று எழுதியுள்ளனர்.

கல்லறை சொன்ன பணி

பேர்க்பெக் கல்லூரியில் அவரை வரவேற்றவர் ஜே. டி. பேர்னல் என்னும் பேராசிரியர். ஆய்வுகூடம் பழைய வீடொன்றில் இருந்தது. அம்மையாரின் அறை உச்சியில், எக்ஸ்-கதிர்க் கருவிகள் நிலவறையில். அவ்விடத்தில் அவர் புகையிலைச் சித்திரவடிவ வைரசை எடுத்துக்கொண்டார். புகையிலை இலையிற் புள்ளிகளை உண்டாக்கும் இவ்வைரசு கோல் போன்றது. வெளியே புரதம், உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருள். அவ்வார்.என்.ஏ. கோலின் நடுத்துளையில் இல்லை. புரதக்கூறுகளின் இடையே, அச்சிலிருந்து 40 அங்ஸ்ட்றொம் தொலைவில், சுருளாகச் சுற்றிப் பதிந்து கிடக்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். 1954இல் ஏறன் குளூக் அவரோடு இணைந்தார். மனக்கசப்பில்லாத கூட்டுறவு இம்முறை அவருக்கு வாய்த்தது. ஐந்தாண்டுக்குள் அக்குழு வெளியிட்ட கட்டுரைகள், வைரசுகளின் அமைப்பியலுக்கு அடித்தளமிட்டன.

கிறிக்கோடும் அவருடைய மனைவியோடும் அம்மையார் நட்புப் பூண்டிருந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. 1956இல் அவர்களோடு ஸ்பெயின் நாட்டிற் பயணஞ் செய்தார். அவ்வாண்டே அமெரிக்கப் பயணத்தின்போது உடல்நலக் குறைவு தோன்றிற்று. சூலகத்திற் புற்றுநோய். சத்திரசிகிச்சைகளின் பின் கிறிக் தம்பதியர் இல்லத்திற் தங்கி உடல் தேறினார். எக்ஸ்-கதிரோடு நெடுநாட் பழகியமை நோய்க்குக் காரணமாயிருக்கலாம் எனச் சிலர் கருதுவர்; அது ஊகமே. நோயின் நடுவிலும் அவர் ஆய்வுகூடத்தை விடவில்லை. இளம்பிள்ளைவாத வைரசின் அமைப்பை அறியும் புதிய பணியையுந் தொடங்கினார்.

1958 ஏப்ரில் 16ஆந் திகதி, முப்பத்தேழாம் வயதில், அவர் இலண்டனிற் காலமானார். மரணப் பதிவேட்டில் ஆராய்ச்சி விஞ்ஞானி, மணமாகாதவர், வங்கியாளர் ஒருவரின் மகள் என்று பதியப்பட்டது. மறுநாள் பிறசல்ஸ் நகரில் உலகப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. அவர் ஆயத்தஞ் செய்த வைரசு மாதிரியுரு அங்கே மக்கள் பார்வைக்கு நின்றது.

1962இல் வாட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவரும் நொபெல் பரிசு பெற்றனர். இறந்தோர்க்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை. ஒரு பரிசை மூவருக்கு மேற் பகிர்வதுமில்லை. 1982இல் ஏறன் குளூக் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றார்; அவருடைய பணியின் ஒரு வேர் பேர்க்பெக் ஆய்வுகூடத்தில் ஊன்றியது.

சுருளை வெட்டி ஒட்டிய காலம்

இரட்டைச் சுருளின் மதிப்பு அதன் அழகில் மட்டுமன்று. ஒரு சங்கிலியின் எழுத்தொழுங்கு தெரிந்தால் மற்றதன் ஒழுங்கு தானே தெரியும். இந்த இணைப்பு விதியே பின்னர் எழுந்த பரம்பரைப் பொறியியலுக்கு அச்சாணி. 1970ஆம் ஆண்டையொட்டி, டி.என்.ஏ.யில் குறித்தவோர் எழுத்தொழுங்கைத் தேடி அவ்விடத்தில் மட்டும் வெட்டும் நொதியங்கள் பற்றீரியாக்களிற் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று குவானின், அடினின், அடினின், தைமின், தைமின், சைற்றோசின் என்னும் வரிசையைக் கண்டால் வெட்டும். வெட்டிய முனைகளில் நான்கு எழுத்துக்கள் ஒற்றைச் சங்கிலியாய் நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வுயிரின் டி.என்.ஏ.யாயினும் அதே நொதியத்தால் வெட்டப்பட்டால் முனைகள் ஒன்றோடொன்று பொருந்தும். வேறொரு நொதியம் அவற்றைப் பசைபோல் ஒட்டிவிடும்.

1972இற் போல் பேர்க் இருவேறிடத்து டி.என்.ஏ.க்களை ஒட்டினார். 1973இல் ஸ்ரான்லி கோகனும் ஹேர்பேட் போயரும் அவ்வாறு ஒட்டியதைப் பற்றீரியாவினுட் செலுத்திப் பெருகச் செய்தனர். 1975இற் கலிபோர்னியாவின் அசிலோமார் என்னுமிடத்தில் விஞ்ஞானிகளே கூடி, தம் ஆற்றலுக்குத் தாமே வரம்பு வகுத்தனர். 1978இல் மனித இன்சுலினை ஆக்கும் பரம்பரையலகு பற்றீரியாவினுள் இயங்கிற்று. 1982இல் அவ்வின்சுலின் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. அதுவரை நீரிழிவு நோயாளர் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தனர். 1985இல் ஏறன் குளூக் கண்டறிந்த, டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் ஒருவகைப் புரத விரல்கள், பின்னர் பரம்பரையலகைத் திருத்தும் கருவியாயின.

இவற்றில் எதனையும் பிராங்கிளின் அம்மையார் காணவில்லை. இவற்றையெல்லாம் அவரே செய்தார் என்பதும் மிகையாகும். ஆனால் பொசுபேற்று வெளியே, எழுத்துக்கள் உள்ளே என்று முதலில் உறுதியாகச் சொன்னவர் அவர். வெட்டும் நொதியமும் ஒட்டும் நொதியமும் தேடுவது அவர் உள்ளே வைத்த அவ்வெழுத்துக்களையே.

1968இல் வாட்சன் வெளியிட்ட இரட்டைச் சுருள் என்னும் நூல் அம்மையாரை ஏளனமாகச் சித்திரித்தது. நண்பராகிய ஆன் சேயர் 1975இல் எழுதிய நூலால் அதற்கு மறுப்புரைத்தார். அந்த ஏளன நூலுக்கே ஒரு விந்தையான விளைவு நேர்ந்தது. அமெரிக்கச் சிறுமி ஒருத்திக்குத் தந்தையார் அதனை வாசிக்கக் கொடுத்தார். பெண்ணும் விஞ்ஞானியாகலாம் என்பதை அதிற் கண்ட றொசலிண்டின் வாயிலாகத் தாம் உணர்ந்ததாக அவர் பின்னாளிற் கூறியிருக்கிறார். அவர் பெயர் ஜெனிபர் டவுட்னா. டி.என்.ஏ.யின் எழுத்துக்களை வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்தும் புதிய கருவிக்காக 2020இல் அவரும் எம்மானுவேல் ஷாப்பந்தியே அம்மையாரும் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பெற்றனர். அவ்வாண்டு அப்பரிசைப் பகிர்ந்தவர் இப்பெண்மணிகள் இருவர் மட்டுமே.

நம் மாணாக்கர்க்கு இவ்வாழ்விலிருந்து நான் எடுத்துக் கூற விரும்புவது இதுவே: அளந்ததற்கு மேற் பேசாதிருத்தல் ஓர் ஆண்மை, பிறர் அளந்ததைப் பெயர் சொல்லிப் போற்றுதல் ஓர் அறம். முதலாவதைப் பிராங்கிளின் அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் காத்தார். இரண்டாவதை உலகம் அவர்பாற் காலந் தாழ்த்தியே செய்தது; இன்னும் செய்து முடிக்கவில்லை.